காருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர் வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காருக்கு ஆம்ப் வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் போவது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட்ஸ் எண்ணின் மேல்தான். அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உங்களிடம் என்ன ஸ்பீக்கர் இருக்கிறது, அது எத்தனை ஓம்ஸ் (கரண்டுக்கு அது காட்டும் தடை), காரிலிருந்து எவ்வளவு கரண்ட் எடுக்க முடியும் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், தேட வேண்டிய ஆம்ப்களின் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றைச் சுற்றியே வருகின்றன.

என் ஸ்டீரியோவிலேயே "50 வாட்ஸ் x 4" என்று போட்டிருக்கிறது. அப்புறம் தனி ஆம்ப் எதற்கு?

அந்த 50 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது காரில் ஏறக்குறைய 14.4 வோல்ட் இருக்கும். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப் ஐசியால் (சிப்பால்) அதற்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுக்க முடியாது. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, 4 ஓம்ஸால் வகுத்தால் கிட்டத்தட்ட 52 வருகிறது. பெட்டியில் இருக்கும் 50 வாட்ஸ் இதுதான். ஆனால் ஒலி அலை மேலும் கீழும் வெட்டுப்பட்டு முழுச் சதுரமாக ஆகும்போதுதான் அவ்வளவு கிடைக்கும். அந்த நிலையில் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்க முடியாது. சுத்தமான அலைக்கு இதில் பாதி, 26 வாட்ஸ். ஐசிக்குள் ஆகும் இழப்பையும் கழித்தால் கையில் நிற்பது 15 முதல் 20 வாட்ஸ்.

தனி ஆம்ப்பில் ஒரு பவர் சப்ளை இருக்கிறது. அது காரின் 12 வோல்ட்டை வாங்கி உள்ளுக்குள் உயர்த்திக்கொள்கிறது. அதனால்தான் 100, 500 வாட்ஸ் எல்லாம் சாத்தியமாகிறது. இதன் பலன் சத்தம் கூடுவது மட்டும் இல்லை. நடுத்தர வால்யூமிலும் ஒரு டிரம் அடி விழும் அந்தக் கணத்துக்குப் பல மடங்கு சக்தி தேவைப்படும். அப்போது ஆம்ப்பில் மிச்சம் இருந்தால் அடி அடியாகக் கேட்கும், இல்லாவிட்டால் மொத்தையாக, கரகரப்பாகக் கேட்கும்.

ஆர்.எம்.எஸ்., பீக், மேக்ஸ்... எந்த எண்ணைப் பார்ப்பது?

ஆர்.எம்.எஸ். மட்டும். தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி அதுதான். பீக், மேக்ஸ் என்பவை ஒரு கணத்துக்கு வரக்கூடிய உச்சம், அல்லது விற்பனைக்காகப் போட்ட எண். ஆர்.எம்.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் எத்தனை ஓம்ஸில், எத்தனை வோல்ட்டில், எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) அளந்தார்கள் என்றும் இருக்க வேண்டும். சி.டி.ஏ.-2006 என்ற தரமுறைப்படி (முன்பு சி.இ.ஏ.-2006) அளந்த ஆம்ப் என்றால் 14.4 வோல்ட்டில், 4 ஓம்ஸில், 1 சதவீதத்துக்கு மேல் போகாத டிஸ்டார்ஷனில் அந்த வாட்ஸ் வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி அளந்த இரண்டு ஆம்ப்களைத்தான் நேருக்கு நேர் ஒப்பிட முடியும்.

எந்தத் தகவலும் இல்லாத ஆம்ப் கையில் இருந்தால் அதன் ஃபியூஸைப் பாருங்கள். பக்கவாட்டில் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று செருகியிருக்கிறது, மேலே 2000 வாட்ஸ் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 432. உள்ளே தொடர்ந்து போகக்கூடியதே 432 வாட்ஸ்தான். கிளாஸ் டி ஆம்ப் (சூடாக வீணாவது குறைந்த வகை) என்றால் அதில் 80 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும் என்று கொள்ளலாம். ஏறக்குறைய 345 வாட்ஸ். கிளாஸ் ஏபி (அதிகம் சூடாகும் வகை) என்றால் இன்னும் குறையும், 220-லிருந்து 250 வரைதான். 2000 எங்கே, 345 எங்கே! பெரிய ஆம்ப்கள் சிலவற்றின் மேல் ஃபியூஸே இருக்காது. அவற்றுக்கு வெளியே எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொல்கிறார்கள் என்று மேனுவலில் பார்த்து இதே கணக்கைப் போடலாம்.

சரி, எனக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்?

ஸ்பீக்கரிலிருந்து தொடங்குங்கள். அதன் ஆர்.எம்.எஸ். அளவை ஒட்டியே ஆம்ப்பின் ஆர்.எம்.எஸ். இருக்கட்டும், முக்கால் பங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை எதுவானாலும் பரவாயில்லை. கதவு ஸ்பீக்கர் 60 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். என்றால், சேனலுக்கு (ஒரு ஸ்பீக்கரை ஓட்டும் ஒரு வழிக்கு) 50 முதல் 90 வாட்ஸ் தரும் ஆம்ப் பொருந்தும். அன்றாடம் பாட்டுக் கேட்பவருக்கு கதவுகளுக்குச் சேனலுக்கு 50-75 வாட்ஸும், சப்வூஃபருக்கு (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கருக்கு) 250-500 வாட்ஸும் தாராளம் என்பது என் கருத்து.

வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. இரண்டு மடங்கு வாட்ஸுக்குக் கிடைப்பது 3 டெசிபெல்; காதுக்குக் கொஞ்சம் கூடினாற்போலத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் 75 வாட்ஸ் ஆம்ப்பா, 90 வாட்ஸ் ஆம்ப்பா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. அதைவிட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை (ஒரு வாட்ஸுக்கு எத்தனை டெசிபெல் சத்தம் தருகிறது என்பதை) கவனியுங்கள். 90 டெசிபெல் ஸ்பீக்கர் 50 வாட்ஸில் தரும் சத்தத்தை 87 டெசிபெல் ஸ்பீக்கர் தர 100 வாட்ஸ் கேட்கும். ஸ்பீக்கரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஆம்ப் செலவும் வயர் செலவும் சேர்ந்தே குறையும்.

ஸ்பீக்கரின் வாட்ஸைவிட ஆம்ப்பின் வாட்ஸ் அதிகமாக இருந்தால் ஸ்பீக்கர் எரிந்துவிடாதா?

கெயினை (ஸ்டீரியோ சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்பைப் பொருத்தும் திருகியை) சரியாக வைத்தால் எரியாது. ஸ்பீக்கர்களைப் பெரும்பாலும் கொல்வது கிளிப்பிங். 40 வாட்ஸ் ஆம்ப்பை அதன் எல்லைக்கு மேல் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு சதுரமாகும், வெளியே போகும் சக்தி 80 வாட்ஸை நெருங்கும். கூடவே வெட்டுப்பட்ட இடத்தில் புதிதாக உருவாகும் உயர் அதிர்வெண்கள் நேராக ட்வீட்டருக்கு (உயர் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கருக்கு) போகின்றன. சின்ன ஆம்ப் போட்டும் ட்வீட்டர் போய்விட்டது என்று புலம்புகிறவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். சின்ன ஆம்ப்பைப் பாதி வால்யூமில் கேட்டால் எந்த ஆபத்தும் இல்லை. "வாட்ஸ் குறைந்தால் ஸ்பீக்கர் கெட்டுவிடும்" என்று சொல்வது தவறு.

எத்தனை சேனல் எடுப்பது?

கதவு ஸ்பீக்கர் நான்கு மட்டும் என்றால் 4 சேனல். சப்வூஃபர் மட்டும் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் மோனோபிளாக், அதாவது ஒரே சேனல் ஆம்ப். எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வேண்டும், வயரும் ஒரே தடவை இழுத்தால் போதும் என்றால் 5 சேனல்.

எனக்குப் பிடித்த அமைப்பு வேறொன்று. நல்ல 4 சேனல் ஆம்ப் ஒன்றை எடுத்து, முன் இரண்டு சேனல்களை முன்கதவு ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்து, பின் இரண்டையும் பிரிட்ஜ் செய்து (ஒரே சேனலாகச் சேர்த்து) ஒரு 4 ஓம்ஸ் சப்வூஃபருக்குக் கொடுப்பது. 4 ஓம்ஸில் 75 வாட்ஸ், 2 ஓம்ஸில் 110 வாட்ஸ் தரும் ஆம்ப் என்றால், பிரிட்ஜ் செய்யும்போது சப்வூஃபருக்கு 220 வாட்ஸ் கிடைக்கும். பின் ஸ்பீக்கர்கள் ஸ்டீரியோவிலிருந்தே மெதுவாக ஓடட்டும். காரை ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் இசை முன்னாலிருந்து வருவதுதான் சுகம். பின்னால் கொட்டும் வாட்ஸ் அதைக் கெடுக்கத்தான் செய்யும்.

ஓம்ஸ் கணக்குப் புரியவே மாட்டேன் என்கிறது.

ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடைதான் ஓம்ஸ். தடை குறையக் குறைய ஆம்ப்பிலிருந்து கரண்ட் அதிகமாக இழுக்கப்படும். இரண்டு 4 ஓம்ஸ் ஸ்பீக்கர்களைப் பேரலலாகக் கொடுத்தால் 2 ஓம்ஸ். சீரிஸில் கொடுத்தால் 8 ஓம்ஸ். டூயல் வாய்ஸ் காயில் (உள்ளே இரண்டு கம்பிச் சுருள் உள்ள) சப்வூஃபரிலும் இதே கணக்குதான்: இரண்டு 2 ஓம்ஸ் காயில் உள்ளதை 1 ஓம் ஆகவும் கட்டலாம், 4 ஓம்ஸ் ஆகவும் கட்டலாம், 2 ஓம்ஸாக மட்டும் கட்டவே முடியாது. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஆம்ப் 2 ஓம்ஸில்தான் முழு வாட்ஸ் தரும் என்றால் இரட்டை 4 ஓம்ஸ் காயில் சப்வூஃபர்தான் வாங்க வேண்டும்.

பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் ஓம்ஸில் பாதியைத்தான் பார்க்கும். அதனால்தான் பெரும்பாலான ஆம்ப்களில் "பிரிட்ஜுக்கு 4 ஓம்ஸுக்குக் குறையாமல்" என்று எழுதியிருப்பார்கள். அதை மீறினால் ஆம்ப் சூடாகி புரொடெக்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிடும். பாதுகாப்பு சரியில்லாத ஆம்ப் என்றால் எரிந்தே போகும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் 3.2, 3.6 என்று காட்டும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

கிளாஸ் ஏபியா, கிளாஸ் டியா?

இன்றைக்குக் கிளாஸ் டி. அளவு சின்னது, சூடு குறைவு, கரண்டும் மிச்சம். ஒரு காலத்தில் சப்வூஃபருக்கு மட்டும்தான் லாயக்கு என்றிருந்தார்கள். இப்போது வரும் நல்ல கிளாஸ் டி ஆம்ப்கள் ட்வீட்டர் வரைக்கும் சுத்தமாக ஒலிக்கின்றன. கையில் நல்ல கிளாஸ் ஏபி ஆம்ப் ஏற்கெனவே இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், காற்றோட்டத்துக்கு இடம் விட்டால் போதும்.

காரோடு வந்த ஸ்டீரியோவை மாற்றாமல் ஆம்ப் போட முடியுமா?

முடியும். ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வாங்கினால் ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளலாம். பலவற்றில் அந்த வயரில் வரும் சிறு மின்னழுத்தத்தைப் பார்த்துத் தானாக ஆன் ஆகும் வசதியும் உண்டு, தனியாக ரிமோட் வயர் இழுக்கத் தேவையில்லை. ஹை லெவல் இன்புட் இல்லாத ஆம்ப் என்றால் நடுவில், ஸ்பீக்கர் சிக்னலை ஆம்ப்புக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் லைன் அவுட்புட் கன்வெர்ட்டர் ஒன்று போட வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. காரோடு வரும் ஸ்டீரியோக்கள் பலவும் வால்யூம் கூடக் கூட பேஸைக் குறைத்துவிடும். சின்ன ஸ்பீக்கர்கள் கிழிந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்திருப்பார்கள். அந்த சிக்னலை அப்படியே எடுத்தால், வால்யூமை ஏற்றும்போது சப்வூஃபர் காணாமல் போய்விடும். இதைச் சரிசெய்ய டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சிப்) உள்ள ஆம்ப் எடுப்பதுதான் நல்லது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒலி காதுக்கு வந்துசேரும் நேரத்தையும் அதில் சரிசெய்யலாம். காருக்குள் யாரும் நட்டநடுவில் உட்காருவதில்லை என்பதால், அது தரும் வித்தியாசம் கூடுதல் 100 வாட்ஸ் தருவதைவிடப் பெரிது.

வயர் எவ்வளவு தடிமன்? ஃபியூஸ் எங்கே?

ஆம்ப் வாங்கும் பட்ஜெட்டில் ஒரு பகுதியை இதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் விஷயம் இல்லை இது.

500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். கிளாஸ் டி ஆம்ப் முழு வீச்சில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்று வையுங்கள். 8 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்) செம்பு வயரில் 50 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். 4 கேஜில் 0.2 வோல்ட்தான் போகும். அதனால் 500 வாட்ஸ் என்றால் 4 கேஜ் போடுங்கள். 1000 வாட்ஸைத் தாண்டினால் 1/0 கேஜ் பக்கம் போக வேண்டியிருக்கும்.

வயரை வெட்டி உள்ளே பாருங்கள். செம்பு நிறத்துக்குள் வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், சி.சி.ஏ. என்பார்கள். அது கடத்துவது செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான், அதனால் ஒரு அளவு தடிமனாக எடுக்க வேண்டும். கையில் தடிமனாகத் தெரியும் வயர்கள் சிலவற்றில் பெரும்பகுதி வெறும் பிளாஸ்டிக் உறை. கேஜ் எண்ணோடு சதுர மில்லிமீட்டர் அளவையும் கேளுங்கள். 4 கேஜ் என்றால் 21 சதுர மில்லிமீட்டர், 8 கேஜ் என்றால் 8.4.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் மெயின் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். இந்த ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்ப்பை இல்லை, வயரை. எஞ்சினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவில் உள்ள ஃபயர்வாலின் தகரத்தில் வயர் உரசி உறை கிழிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் அந்த இடத்தில் கொட்டும். ஃபியூஸ் இல்லாத கார் அப்படித்தான் தீப்பிடிக்கிறது. ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் கிராமெட் (காப்பு வளையம்) கட்டாயம். ஃபியூஸின் அளவு வயர் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது, அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸைச் செருகவே செருகாதீர்கள்.

எர்த் வயரும் பாசிட்டிவ் அளவுக்கே தடிமனாக, முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். பெயின்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோக வளையத்தை) வைத்து போல்ட்டால் இறுக்குங்கள்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது. கெப்பாசிட்டர் போட்டால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. மின்சாரத்தைச் சேமித்துச் சட்டென்று தருவதுதான் கெப்பாசிட்டரின் வேலை. ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது கொடுப்பது 32 ஜூல். 500 வாட்ஸ் ஆம்ப் முழு வீச்சில் இழுக்கும் 625 வாட்ஸுக்கு அது 0.05 நொடிக்குத்தான் வரும். அப்புறம் அதைத் திரும்ப நிரப்புவதும் எஞ்சினால் சுழன்று காருக்கு மின்சாரம் தரும் அதே ஆல்டர்னேட்டர்தான்.

முதலில் எர்த்தையும் பேட்டரியின் வயதையும் பாருங்கள். அடுத்து, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் வயர், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஆகிய மூன்றையும் தடிமனாக மாற்றலாம். அதற்கும் மசியவில்லை என்றால் காரின் ஆல்டர்னேட்டருக்கு அந்த ஆம்ப் அதிகம் என்று பொருள். பாட்டு ஓடும்போது ஆம்ப்பின் சராசரி இழுப்பு உச்சத்தில் பாதிக்கும் குறைவுதான் என்பதால், 500-600 வாட்ஸ் வரை பெரும்பாலான கார்கள் சமாளிக்கும்.

மின்சார காரில் ஆம்ப் போடலாமா?

போடலாம். பெரும்பாலானவற்றில் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு; ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் அதை சார்ஜ் செய்கிறது. கன்வெர்ட்டரின் எல்லைக்குள் நிற்கும் கிளாஸ் டி ஆம்ப்பாகப் பாருங்கள். ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடக்கூடாது, அதன் பக்கத்தில் ஓட்டையும் போடக்கூடாது. அவை உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்த வயர்கள்.

கெயினை எப்படி வைப்பது?

கெயின் என்பது வால்யூம் திருகி இல்லை. ஸ்டீரியோ தரும் சிக்னல் 2 வோல்ட்டா, 4 வோல்ட்டா என்பதற்கு ஏற்ப ஆம்ப்பைப் பொருத்தும் திருகி அது. முழுக்கத் திருகி வைத்தால் வாட்ஸ் கூடாது, இரைச்சலும் கிளிப்பிங்கும்தான் கூடும்.

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். ஆம்ப்பின் வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 75 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் 17.3 வோல்ட். 300 வாட்ஸ், 2 ஓம்ஸ் என்றால் 24.5 வோல்ட். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசரையும் பேஸ் பூஸ்ட்டையும் சுழியத்தில் வைத்து, கெயினை முழுக்கக் குறைத்துவிடுங்கள். ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 0 டெசிபெல் டெஸ்ட் டோன் ஒன்றை ஓட விடுங்கள். சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ், கதவு ஸ்பீக்கருக்கு 1000 ஹெர்ட்ஸ். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்துக்கொண்டு, நீங்கள் கணக்கிட்ட எண் வரும் வரை கெயினை மெல்ல ஏற்றுங்கள். வந்ததும் நிறுத்துங்கள். ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். ஆம்ப்பைவிடக் குறைவு என்றால் ஸ்பீக்கரின் வாட்ஸை வைத்துக் கணக்கிடுங்கள்.

பிறகு, எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிக்கும் கிராஸ்ஓவர்: கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்கு மேல் உள்ளது மட்டும்), சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸில் லோ பாஸ் (அதற்குக் கீழ் உள்ளது மட்டும்) என்று தொடங்கி, காதுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். பேஸ் பூஸ்ட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. அதை 6 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு வாட்ஸ் தேவைப்படும்.

டிஸ்டார்ஷன் 0.01 சதவீதம் என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே?

ஓடும் காரின் டயர் சத்தத்தில் 0.1 சதவீதத்துக்கும் 0.01 சதவீதத்துக்கும் வித்தியாசம் கேட்காது. இதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

ஆம்ப்பை எங்கே பொருத்துவது?

சீட்டுக்கு அடியிலோ டிக்கியின் பக்கவாட்டிலோ, சுற்றிலும் காற்று போகும்படி. சப்வூஃபர் பெட்டியின் மேல் திருகக் கூடாது, அதிர்வில் உள்ளே உள்ள பற்றவைப்புகள் நாளடைவில் விட்டுப்போகும். தலைகீழாகவும் தொங்கவிட வேண்டாம். சூடு மேலே ஏறி ஆம்ப்புக்குள்ளேயே தங்கும்.

எஞ்சினை முறுக்கும்போது ஸ்பீக்கரில் "ஙொய்" என்று சத்தம் வருகிறது.

ஆம்ப்பிலிருந்து ஆர்.சி.ஏ. வயரை (ஸ்டீரியோவின் சிக்னலைக் கொண்டுவரும் வயரை) பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு ஸ்டீரியோ பக்கமோ ஆர்.சி.ஏ. வயரிலோ இருக்கிறது. நிற்கவில்லை என்றால் ஆம்ப்பின் எர்த்தைச் சந்தேகியுங்கள். ஃபில்டர் வாங்கிப் போடுவதற்கு முன் எர்த்தை மறுபடி சுரண்டி இறுக்கிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும்.

பழைய ஆம்ப் வாங்கலாமா?

நல்ல ஆம்ப் பல வருடம் உழைக்கும் என்பதால் வாங்கலாம், ஆனால் ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். முனைகளின் திருகுகள் தேய்ந்திருக்கிறதா, கருகல் வாசனை அடிக்கிறதா என்று பாருங்கள். ஆன் செய்து, பாட்டு போடாமல், ஸ்பீக்கரையும் இணைக்காமல், ஒவ்வொரு சேனலின் முனையிலும் மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் வேண்டாம், அது உங்கள் ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொன்றுவிடும். பிறகு ஒவ்வொரு சேனலாக ஸ்பீக்கரை மாற்றி மாற்றி, அரை மணி நேரமாவது நல்ல வால்யூமில் ஓடவிடுங்கள். சூடான பிறகு புரொடெக்ட் விளக்கு எரியாமல் இருந்தால்தான் பணத்தைக் கொடுங்கள்.